நடுவில் நிற்கும் தொண்டு

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)

ஆண்டு விழா மேடையிலே பேச வருவோர் சமயத்தைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே வழக்கம். எம்மை அழைத்த செயலாளரோ, "விளையாட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் வெற்றிக் கிண்ணம் தூக்கியவர்களைப் பற்றிப் பேசுவர். நாம் எடுத்துக்கொண்டதோ வெல்லவும் மாட்டாத, தோற்கவும் மாட்டாத ஒருவரைப் பற்றியது. எழுத்திலே அவரை நடுவர் என்றும் மத்தியஸ்தர் என்றும் எழுதுகிறோம். எம் ஊரார் வாயிலே அவர் 'றெபரி'. ஆட்டம் ஒழுங்காக நடந்துவிட்டால் அவரை ஒருவரும் நினைப்பதில்லை. ஆட்டம் குழம்பிவிட்டாலோ அவரைத் தவிர வேறொருவரையும் நினைப்பதில்லை.

இதைப் பேச ஒரு காரணம் உண்டு. சென்ற விளையாட்டுப் பருவத்தில் ஒரு நாள் பிற்பகல் இரண்டு கழகங்கள் ஆடுவதற்கு ஆயத்தமாகி மைதானத்துக்கு வந்தன. அவற்றுள் ஒன்றில் எமது சங்கத்துப் பிள்ளைகளும் இருந்தனர். பந்து இருந்தது, வலை கட்டியிருந்தது, பார்க்கச் சனமும் வந்திருந்தது. விசில் ஊத ஓர் ஆள் இல்லை. மூன்று பேரிடம் கேட்டார்கள்; மூவரும் "ஏச்சு வாங்க எம்மால் முடியாது" என்று சொல்லிவிட்டனர். எம்மிடமும் வந்தார்கள். எமது முழங்கால் இப்போது மைதானத்தின் அரைவாசித் தூரத்தையும் தாங்காது. இருபத்திரண்டு இளைஞர்கள் ஆடாமலே வீடு திரும்பினர். அன்றிரவு எம் மனத்தில் எழுந்த கேள்வி இதுதான்: பணமும் புகழும் இல்லாத இந்த வேலைக்கு முன்னர் ஆட்கள் ஏன் வந்தார்கள்? வந்தவர்கள் ஏன் விட்டுப் போகாமல் இருந்தார்கள்? இப்போது ஏன் வருகிறார்களில்லை?

சிறு பிராயத்தில் கிளித்தட்டு விளையாடியதை நினைத்துப் பாருங்கள். "தொட்டேன்" என்பான் ஒருவன். "தொடவில்லை" என்பான் மற்றவன். விளையாட்டு நின்றுவிடும், வாய்ச்சண்டை தொடங்கிவிடும். ஈற்றில் வேலியோரத்தில் நிற்கும் ஓர் அண்ணனையோ மாமாவையோ பார்த்து, "நீங்க சொல்லுங்க, தொட்டானா இல்லையா?" என்று கேட்போம். அவர் சொன்னதும் ஒரு பகுதியார் முணுமுணுப்பர். ஆயினும் ஆட்டம் மறுபடி நடக்கும். எமது மட்டக்களப்புத் தேசத்தின் கொம்பு முறி விளையாட்டையும் எண்ணிப் பாருங்கள். கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த அந்த விளையாட்டிலே ஊரே வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்கும். அத்தனை ஆவேசத்துக்கும் இடையில் ஊர் ஊராகவே இருந்ததென்றால், அது பெரியோர் முன்னின்று நடத்தியதனாலேயே.

மேல்நாட்டிலும் நிலைமை இவ்வாறே தொடங்கியது. உதைபந்தாட்டத்தில் ஆதியிலே நடுவர் என்று ஒருவர் உள்ளே நிற்கவில்லை. ஒவ்வொரு பகுதியும் தத்தமக்கு ஒருவரை நியமித்துக்கொள்ளும். அவ்விருவரும் ஒத்துவராதபோது மைதானத்துக்கு வெளியே இருக்கும் மூன்றாமவரிடம் முறையிடுவர். 'றெபரி' என்ற சொல்லின் பொருளே 'முறையீட்டுக்கு உரியவர்' என்பதாகும். 1891ஆம் ஆண்டிலேதான் அந்த மூன்றாமவர் மைதானத்துக்குள் அழைக்கப்பட்டார். முன்னைய இருவரும் கோட்டோரத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரிக்கெட்டில் வழங்கும் 'அம்பயர்' என்ற சொல்லும் 'சோடி சேராதவர்', அதாவது இருவரோடும் இணையாத மூன்றாமவர் என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்ததென்பர். எமது மொழியிலோ விளக்கமே தேவையில்லை. நடுவர் என்றாலும் மத்தியஸ்தர் என்றாலும் நடுவில் நிற்பவர் என்பதே பொருள்.

இனி, இந்த வேலைக்கு வருவோர் யார் என்று பார்ப்போம். நாம் பல ஆண்டுகளாகக் கண்டதில் அவர்கள் நான்கு வகையினர்.

முதலாமவர், ஆட்டத்தை விட மனமில்லாத பழைய வீரர். கால் ஓய்ந்துவிடும், மனம் ஓயாது. இத்தகையோரில் உலகறிந்த ஒருவர் சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் போட்டிகளில் ஆடிய அவர், பின்னர் 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்றார். ஆடியதைக் காட்டிலும் நடுவராக நின்றதே அதிகம். எமது நாட்டின் குமார் தர்மசேனவும் அப்படிப்பட்டவர். 1996இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் ஆடியவர், 2015ஆம் ஆண்டின் உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் நடுவராக நின்றார்.

இரண்டாமவர் ஆசிரியர். பள்ளிக்கூட மைதானத்தில் விசிலைக் கையில் எடுப்பவர் பின்பு அதைக் கீழே வைப்பதில்லை. மஞ்சள், சிவப்பு அட்டைகளை உலகுக்குத் தந்த கென் அஸ்ரன் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்துக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் இடையே நடந்த ஆட்டத்தில், ஜெர்மனிய நடுவர் வெளியேறச் சொன்னதை ஆர்ஜென்டினத் தலைவர் ஏற்று வெளியேறப் பல நிமிடங்கள் சென்றன. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அதன் பின்னர் வீதிச் சந்தியின் விளக்குகளைப் பார்த்து அஸ்ரனுக்கு யோசனை பிறந்தது. 1970ஆம் ஆண்டு மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் வந்தன. மும்மொழி வழங்கும் இந்த நாட்டிலே ஒரு வார்த்தையும் பேசாமல் யாவருக்கும் விளங்கும் தீர்ப்பின் அருமை எம்மைவிட யாருக்குத் தெரியும்?

மூன்றாமவர் தகப்பன். மகன் ஆடுகிறான், பார்க்கப் போவார், கொடி பிடிக்க ஆளில்லை என்று கேட்பார்கள், பிடிப்பார். மகன் வளர்ந்து வெளிநாடு போய்விடுவான். தகப்பன் கொடியோடு அங்கேயே நிற்பார்.

நான்காமவர் தற்செயலாக வந்தவர். குறித்த நடுவர் வரவில்லை, "சேர், இண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும் நீங்க நில்லுங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வரப்பட்டவர். நாமும் அந்த வகையே. அந்த ஒரு நாள் எமக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீண்டுவிட்டது.

வந்தது எப்படி என்பது எளிய கேள்வி. நிலைத்தது ஏன் என்பதே கடினமான கேள்வி. பணத்துக்காக அன்று. உலகத்தின் மிகப் பெரிய ஆட்டங்களை நடத்தியவர்களுக்குங்கூடப் பல காலம் வேறு தொழில் இருந்தது. 2002ஆம் ஆண்டு உலகக் கிண்ண இறுதிப் போட்டியை நடத்திய இத்தாலியர் கொலினா நிதி ஆலோசகர். 2010ஆம் ஆண்டு இறுதிப் போட்டியை நடத்திய ஹவார்ட் வெப் இங்கிலாந்தில் பொலிஸ் சார்ஜன்டாக இருந்தவர். எம் கரையோர ஊர்களிலே கிடைக்கும் சன்மானம் பஸ்ஸுக்கும் தேநீருக்கும் காணும். சில நாட்களில் தேநீருக்கு மட்டுமே காணும்.

நிலைப்பதற்கு முதற் காரணம், ஆட்டத்தை அதன் நடுவில் நின்று பார்க்கும் பாக்கியம். வெளியில் நிற்பவர் பந்தைப் பார்க்கிறார். நடுவரோ பந்துக்கு முன்னால் நடப்பதையும் பின்னால் நடப்பதையும் பார்க்கிறார். ஒரு பையன் விழுந்த எதிரியைக் கை கொடுத்துத் தூக்குவதையும், மற்றொருவன் யாருக்கும் தெரியாமல் சட்டையைப் பிடித்து இழுப்பதையும் அவர் ஒருவரே காண்கிறார். மனித சுபாவத்தைப் படிக்க அதைவிடக் கிட்டிய இடம் வேறில்லை.

இரண்டாவது காரணம், கூட்டாளிகள். மூன்று பேர் சேர்ந்து ஓர் ஆட்டத்தை நடத்தி முடித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய், "அந்த ஓப்சைட் சரிதானா?" என்று பேசிக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் உண்டு. அது உறவினரிடமும் கிடைக்காது. எமது கூட்டாளிகளில் ஒருவர் மருதமுனையில் தறி வைத்திருந்தவர். இன்னொருவர் நற்பிட்டிமுனையில் வயல் செய்தவர். விசில் இல்லாவிட்டால் இந்த மூவரும் ஒரு வாங்கில் இருந்து தேநீர் குடித்திருக்க மாட்டோம்.

மூன்றாவது காரணம், வேலை தரும் ஒழுங்கு. உதைபந்தாட்டத்துக்கு 17 விதிகள்; அவற்றைப் படித்தவருக்கு அது சின்னப் புத்தகம், நடத்துபவருக்கு அது பெரிய புத்தகம். முன்மாரி அறுவடை முடிந்து மைதானம் காய்ந்ததும் பருவம் தொடங்கும். கச்சான் காற்றுக் காலத்தில் சுண்ணாம்பால் போட்ட கோடு இடைவேளைக்கு முன்னரே பறந்துவிடும். மறுபடி போட வேண்டும். முஸ்லிம் ஊர்களில் அஸர் தொழுகை முடிந்த பின்னரே ஆட்டம் தொடங்கும். மஃரிப் பாங்கு கேட்பதற்கு முன் முடிந்தாக வேண்டும். எமது மணிக்கூடு இரண்டையும் பார்த்தே ஓட வேண்டும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பு நாட்களிலும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களிலும் போட்டி வராதவாறு நாம் பொறுப்பிலிருந்த காலத்தில் பார்த்துக்கொண்டோம். இவை விதிப் புத்தகத்தில் இல்லாத விதிகள். ஆனால் எங்கள் ஊர்களில் இவற்றை அறியாதவர் மற்றப் பதினேழையும் அறிந்து பயனில்லை.

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம்.

இந்த வேலையில் ஏச்சு உண்டு. சில வேளைகளில் அதைவிடக் கூடியதும் உண்டு. 1930ஆம் ஆண்டு முதலாவது உலகக் கிண்ண இறுதிப் போட்டியை உருகுவேயின் தலைநகரில் நடத்தச் சம்மதித்த பெல்ஜிய நடுவர் லாங்கெனஸ், தமது பாதுகாப்புக்கு உறுதி தந்த பின்னரே மைதானத்தில் கால் வைத்தார். எந்தப் பந்தால் ஆடுவதென்றே இரு நாடுகளும் சண்டையிட்டதால், முற்பாதியை ஆர்ஜென்டினாவின் பந்தாலும் பிற்பாதியை உருகுவேயின் பந்தாலும் ஆட வைத்தார். அது பழைய கதை என்று சிரிக்கலாம். 2012ஆம் ஆண்டு டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மெரே நகரில் நடந்ததைக் கேட்டுச் சிரிக்க முடியாது. ரிச்சர்ட் நியூவன்ஹாய்சன் என்ற தகப்பன், தமது மகன் ஆடிய இளையோர் ஆட்டத்தில் சம்பளமின்றிக் கொடி பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் எதிர் அணிப் பையன்கள் அவரை அடித்தனர். மறுநாள் அவர் இறந்துபோனார். வயது 41. அவர் எந்த நாட்டுக்கும் கிண்ணத்துக்கும் நிற்கவில்லை. மகனுக்காகக் கோட்டோரத்தில் நின்றவர்.

பெரியோர்களே, இங்கே உங்களிடம் ஒரு வார்த்தை. அந்தப் பையன்கள் ஒரே நாளில் அப்படி ஆகிவிடவில்லை. கோட்டோரத்தில் நின்று நடுவரை ஏசிய பெரியவர்களிடம் பிள்ளைகள் பாடம் கற்கிறார்கள். எம் மைதானங்களிலும் "றெபரிக்குக் கண் தெரியாதோ?" என்ற முதற் குரல் பெரும்பாலும் பதினாறு வயதுப் பையனுடையதன்று, வெண்தலை ஒன்றினுடையது.

இப்போது எமது பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறர் பிழையைக் கூறிவிட்டு எமதை மறைத்தல் நடுவருக்கு அழகன்று.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்குப் பின்னர் எம் ஊர் மைதானங்கள் மறுபடி உயிர்பெற்றன. 2003ஆம் ஆண்டில் ஓர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் தமிழ் ஊர்க் கழகம். மறுபக்கம் முஸ்லிம் ஊர்க் கழகம். பெயர்கள் வேண்டாம். இரு பகுதியாரும் சேர்ந்தே எம்மை நடுவராகக் கேட்டனர். கோல் கணக்குச் சமமாக இருந்தது. ஐந்து நிமிடமே மிச்சம். தமிழ்க் கழகத்துப் பையன் அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டு, நேரே கீழே விழுந்து, துள்ளி வெளியே வந்தது. பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால் மட்டுமே கோல் என்பது விதி. நாம் இருபது யார் பின்தங்கி நின்றோம். எமக்குப் பின்னால் நின்ற சனம் "கோல்!" என்று ஒரே குரலில் கத்தியது. நாம் விசிலை ஊதி நடுக்கோட்டைக் காட்டினோம். கொடியோடு கோட்டருகே நின்ற உதவி மத்தியஸ்தர் தலையை அசைத்து இல்லை என்றார். அதை நாம் கண்டோம். கண்டும் அவரிடம் சென்று கேட்கவில்லை.

எதிர்க் கழகத்தின் தலைவர், மீன் வியாபாரம் செய்யும் ஓர் இளைஞர், எம்மிடம் வந்தார். "சேர், ஒருக்கா அவரிட்டக் கேளுங்களன்" என்றார். "முடிந்தது" என்று சொன்னோம். அவர் ஒரு கணம் எம் முகத்தைப் பார்த்தார். பின்பு, கூச்சலிட்டுக்கொண்டு வந்த தமது பையன்களைக் கைகளை விரித்துத் தடுத்து, பந்தை நடுவுக்குக் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் 2க்கு 1 என முடிந்தது. அன்று அந்த இளைஞர் கைகளை விரிக்காதிருந்தால் அந்தப் பிற்பகல் எங்கே போய் முடிந்திருக்கும் என்பதை இந்த ஊரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பந்துக்காகத் தொடங்கிய வாய்ச்சண்டை இரண்டு ஊர்களின் சண்டையாக மாற அதிக நேரம் பிடிக்காது.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. தூரத்தில் நின்றதால் தவறினோம் என்று எம்மையே சமாதானம் செய்யப் பார்த்தோம். ஆயினும் உள்ளே ஒரு கேள்வி இருந்தது: பின்னால் நின்று கத்திய சனம் அந்த ஊராராக இருந்திருந்தால் நாம் அந்த விசிலை ஊதியிருப்போமா?

இதற்கு விடை போன்ற ஒன்றைப் பின்னர் படித்தோம். 2002ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஓர் ஆட்டத்தின் 47 மோதல்களைப் படத்தில் காட்டித் தீர்ப்புக் கேட்டனர். ஒரு பகுதியாருக்குச் சனத்தின் ஆரவாரத்தோடு காட்டினர். மறு பகுதியாருக்குச் சத்தமின்றிக் காட்டினர். ஆரவாரம் கேட்டவர்கள், சொந்த மைதான அணிக்கு எதிராக விதித்த தவறுகள் நூற்றுக்கு 15.5 குறைவாக இருந்தன. அவர்கள் கைக்கூலி வாங்கியவர்கள் அல்லர், நேர்மையானவர்களே. சனத்தின் குரல் காதுவழி புகுந்து கண்ணை மாற்றிவிடுகிறது. அன்று விசிலை ஊதியது எமது வாய்தான். மூச்சு எம் சனத்தினுடையது.

மறுநாட் காலை சைக்கிளில் அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனோம். கடற்கரையோரத்து வீடு. எம்மைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். "தம்பி, நேற்று நாம் பிழை விட்டுவிட்டோம். அது கோல் இல்லை. கேட்டிருக்க வேண்டியவரிடம் கேட்கவில்லை" என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிழை எண்டு எங்களுக்கும் தெரியும், சேர். ஆனா நீங்க வந்து சொல்லுவீங்க எண்டு நாங்க நினைக்கல்ல. அடுத்த வருசமும் நீங்கதான் வரணும்."

கிண்ணத்தை மாற்றிக் கொடுக்க எம்மால் முடியவில்லை. நடுவரின் தீர்ப்பு ஆட்டத்தோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் பிழையை ஏற்றுக்கொள்வதால் நடுவரின் கௌரவம் குறைவதில்லை என்பதை அன்று கற்றோம். 2019 ஜூலை 14ஆந் திகதி நடந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டியில், எறிந்த பந்து துடுப்பில் பட்டு எல்லையைத் தாண்டியபோது ஐந்து ஓட்டங்கள் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கொடுக்கப்பட்டது. நடுவராக நின்ற தர்மசேன பின்னர் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அது தவறே என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டார். மைதானத்தில் நிற்பவருக்குத் திரும்பப் பார்க்கும் வசதி இல்லை என்பதையும் சொன்னார். இன்று பெரிய ஆட்டங்களில் இயந்திரங்கள் துணை நிற்கின்றன. கிரிக்கெட்டில் நடுவரின் தீர்ப்பை மீள்பார்க்கும் முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டதே 2008ஆம் ஆண்டு எமது நாட்டில் நடந்த இந்திய - இலங்கை டெஸ்ட் தொடரில்தான். எம் கடற்கரை மைதானங்களுக்கு அந்த இயந்திரங்கள் வரப்போவதில்லை. இங்கே மீள்பார்வை என்பது மறுநாட் காலை சைக்கிளில் போவது ஒன்றே.

அடுத்த ஆண்டும் போனோம். அதே ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் வந்தது. அம்பாறைக் கரையோரம் இழந்ததை இங்கே நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் இழக்காதவர் சிலரே. மாண்டவர் தமிழரா முஸ்லிமா என்று கடல் கேட்கவில்லை. சில வாரங்கள் சென்றபின் அந்த மீன் வியாபாரி எம் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோணியும் இல்லை, வீடும் இல்லை. வீட்டாரில் சிலரும் இல்லை. அவர் கேட்டது அரிசியோ சீலையோ அன்று. "சேர், முகாமில பொடியனுகள் பேசாமல் குந்திக்கொண்டு இருக்கானுகள். ஒரு மெச் வைப்பமா?" என்றார்.

எம்மிடம் இருந்தது ஒரு விசில். பந்து ஒன்றை எங்கோ தேடிப் பிடித்தார். கோல் கம்பத்துக்கு இரண்டு இரண்டு கற்கள். அணிகளை ஊர்வாரியாகப் பிரிக்க எவருக்கும் மனம் வரவில்லை. சட்டை போட்டவர்கள் ஒரு பக்கம், போடாதவர்கள் ஒரு பக்கம். முதற் கால் மணி நேரம் பிள்ளைகள் சத்தமின்றி ஓடினர். பிறகு ஒரு பந்து கல்லுக்கு மேலால் போயிற்று. "கோல்!" என்றான் ஒருவன். "இல்லை!" என்றான் மற்றவன். அந்தக் கணத்திலே எல்லாப் பிள்ளைகளும் எம்மைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். வாரக்கணக்காக வாய் திறவாதிருந்த பிள்ளைகள் எம்மோடு வாதாடினார்கள். "சேருக்குக் கண் தெரியல்ல" என்று ஒருவன் சொன்னான். எம் வாழ்நாளில் இனித்த ஏச்சு அது ஒன்றே.

ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்டால், அந்தப் பிற்பகலையே விடையாகச் சொல்வோம். சண்டை பிடிக்கவும், பிடித்த சண்டையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடவும் முடிகின்ற இடத்திலே வாழ்வு இருக்கிறது. அந்த ஒருவராக நிற்பதற்கு யாரேனும் வேண்டும்.

இஃது இந்து இளைஞரின் சங்கம். ஆகவே இதைச் சமய நோக்கிலும் ஒரு சிறிது பார்ப்போம். வள்ளுவர் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார்; அது திருக்குறளில் 12ஆம் அதிகாரம். பயனில் பற்றுவையாது கடமையைச் செய்யுமாறு கீதை போதிக்கிறது. பயனே கிடையாத கடமையை நாள்தோறும் செய்கின்ற மைதானத்து மத்தியஸ்தர் அந்தப் போதனைக்கு ஏற்ற உதாரணம் அன்றோ? சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சென்னையில் பேசுகையில், உடல் வலிமை பெற்ற இளைஞனுக்கே கீதை நன்கு விளங்கும் என்ற கருத்துப்பட உதைபந்தாட்டத்தை எடுத்துக்காட்டினார். எமது அற்ப அனுபவத்தில் ஒன்று சேர்த்துச் சொல்வோம்: தன் சொந்த ஊர் அணிக்கு எதிராகத் தண்ட உதை கொடுத்துவிட்டு, அந்த ஊருக்கே வீடு திரும்ப வேண்டியிருப்பவனுக்குக் கீதை இன்னும் கொஞ்சம் கூட விளங்கும்.

பெரிய உலகமும் இதைப் பையப் பையக் கற்றது. 1982 பெப்ரவரியில் கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி நடந்தபோது, நடுவர்கள் இருவரும் எமது நாட்டவரே. அவருள் ஒருவரான கே.ரி. பிரான்சிஸ் 25 டெஸ்ட் போட்டிகளில் நின்று நற்பெயரோடு ஓய்வு பெற்றார். அக்காலத்தில் உலகெங்கும் சொந்த நாட்டு நடுவர்களே நிற்பது வழக்கம். அதனால் சந்தேகங்களும் மனக்கசப்புகளும் விளைந்தன. 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியபோது, இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்ற இருவரை அழைத்து நிறுத்தினர். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றையொன்று நம்பாத அரசியல் நிலவிய காலத்திலே, பாகிஸ்தானின் ஆட்டத்தை இந்தியர் இருவர் நடத்தினர். தமிழ்க் கழகங்களின் ஆட்டத்துக்கு மருதமுனையிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ ஒருவரை அழைப்பதும், அவர்கள் ஆட்டத்துக்கு எம்மில் ஒருவரை அழைப்பதும் நாம் கண்ட நல்ல வழக்கம். அந்த வழக்கம் அறுந்துபோக விடலாகாது.

ஈற்றில், இந்தச் சபையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, இளைஞர்களே, உங்களில் இருவராவது இந்த ஆண்டு விதிகளைக் கற்க முன்வாருங்கள். கால் ஓய்ந்த பின்னர் வரலாம் என்று காத்திருக்க வேண்டாம். பெரிய போட்டிகளில் நடுவர் ஓர் ஆட்டத்துக்குள் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறார். ஓய்ந்த காலால் அது ஆகாது. கிழமைக்கு ஒரு மாலை எமது வீட்டுத் திண்ணையில் விதிகளைத் தமிழில் சொல்லித்தர நாம் ஆயத்தம். அந்த வகுப்புக்கு அயலூர் முஸ்லிம் கழகத்துப் பிள்ளைகளையும் அழையுங்கள். ஒரே திண்ணையில் ஒரே விதியைப் படித்தவர்கள் பின்னர் ஒருவர் தீர்ப்பை ஒருவர் சந்தேகிப்பது அரிது.

இரண்டாவது, புதிதாக விசில் எடுப்பவனைத் தனியே விடாதீர்கள். பலர் முதலிரண்டு ஆண்டுகளுக்குள் விட்டுப் போவதை நாம் கண்டிருக்கிறோம். ஏச்சு மட்டும் காரணமன்று. ஏச்சு வாங்கிய மாலையில் தோளில் கை போட ஒருவரும் இல்லாமையே காரணம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் தொடங்கட்டும். மூத்தவர் ஒருவர் கோட்டோரத்தில் நிற்கட்டும். ஆட்டம் முடிந்ததும் தேநீருக்குக் கூட்டிச் செல்லட்டும்.

மூன்றாவது, எமது பெண் பிள்ளைகள். வலைப்பந்தாட்டத்தில் எம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கெட்டிக்காரிகள். நடுவராக நிற்க ஆண் ஆசிரியர் ஒருவரையே தேடுகிறோம். சென்னையைச் சேர்ந்த என். ஜனனி என்ற பெண், கணினித் தொழிலை விட்டு நடுவராகி, 2023ஆம் ஆண்டில் இந்தியாவின் ரஞ்சிக் கிண்ணப் போட்டிகளில் முதன்முதலாக நின்ற பெண் நடுவர்கள் மூவரில் ஒருவரானார். 2022 டிசம்பர் 1ஆந் திகதி கட்டாரில் ஆண்கள் உலகக் கிண்ண ஆட்டமொன்றை ஸ்ரெபனி பிராப்பார் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நடத்தினார். எம் பெண்களுக்கும் ஒரு விசில் கொடுத்துப் பாருங்கள், தாய்மார்களே.

நான்காவது, பெரியோர்களுக்கு. கோட்டோரத்தில் நிற்கும்போது வாயைக் கொஞ்சம் காத்துக்கொள்ளுங்கள். ஏச வேண்டும் போல் தோன்றினால், அங்கே ஓடுபவன் உங்கள் அயல்வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அவன் அயல்வீட்டுப் பிள்ளைதான்.

சென்ற பருவத்தில் ஆடாமல் திரும்பிய இருபத்திரண்டு பேரின் முகங்கள் இன்னும் எம் கண்முன் நிற்கின்றன. அடுத்த முன்மாரி வெள்ளாமை வெட்டி முடிந்ததும் சந்தாங்கேணி மைதானத்துக்கு நாம் வருவோம். ஓட அல்ல, கோட்டோரத்தில் வாங்கு போட்டு இருப்பதற்கு. எமது பழைய விசில் சட்டைப் பையில் இருக்கும். கேட்டு வருபவர் எவராயினும், எந்த ஊராயினும், அவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போக ஆசைப்படுகிறோம்.